வடசென்னை ஆறுகளின் இயல்பு நீரோட்டம்: அளவீட்டில் அடிப்படைக் காலம் பற்றிய சிக்கல்

முன்னுரை

கொத்தளம் என்பது கோட்டை மதிலின் காவல் மேடையைக் குறிக்கும். பழைய கறுப்பர் நகர மதிலைப் பெயரளவில் நினைவூட்டும் மூலக்கொத்தளத்தின் அருகே இன்று பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. மதில் மறைந்ததைப் போலவே இப்பகுதியின் பழைய நீர்வழிகளும் உருமாறிவிட்டன. மனிதத் தலையீடு ஓர் ஆற்றின் இயல்பான ஓட்டத்தை எவ்வளவு மாற்றியுள்ளது என்று அளவிட, தலையீட்டுக்கு முந்தைய நிலை தெரிந்திருத்தல் வேண்டும். வடசென்னையின் முதன்மை ஆறான கொசத்தலையாற்றுக்கு அந்த முந்தைய நிலையை எக்காலத்தில் நிறுத்துவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டு முறை

1996இல் பிரையன் ரிக்டரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் நீரோட்ட மாற்றத்தை அளக்க 32 சுட்டிகளை முன்வைத்தனர். மாதந்தோறும் ஓடும் நீரின் அளவு, ஆண்டின் மிகை மற்றும் குறை ஓட்டங்களின் அளவும் நீடிப்பும், அவை நிகழும் காலம், பெருக்கும் வற்றலும் நிகழும் எண்ணிக்கை, ஓட்டம் ஏறி இறங்கும் வேகம் என அவை ஐந்து தொகுதிகளாக அமைந்தன. அணைக்கு முன்னும் பின்னுமான அன்றாட ஓட்டப் பதிவுகளை ஒப்பிடுவதே இம்முறையின் அடிப்படை. ஆண்டின் மொத்த நீர் குறையாவிடினும் அது வரும் காலம் மாறினால் ஆறு மாறியதாகவே கொள்ளப்படும்.

தலையீட்டின் படிநிலைகள்

பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்ற 1944ஆம் ஆண்டைக் கொசத்தலையாற்றின் எல்லைக்கோடாகக் கொள்வது எளிது. ஆனால் அதற்கு முன்பும் ஆறு தன் போக்கில் ஓடவில்லை. 1872இல் செயற்பட்ட சென்னைக் குடிநீர்த் திட்டத்தில், தாமரைப்பாக்கம் அணைக்கட்டின் வழியே ஆற்றுநீர் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பப்பட்டது. அதற்கும் முன்பே பாசன ஏரிகள் வெள்ளத்தின் ஒரு பகுதியைத் தேக்கி வந்தன.

கழிமுகத்திலும் மாற்றங்கள் நேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டிய கால்வாய், பின்னர் நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாயாயிற்று. 1876-78 பஞ்ச காலத்தில் கூவமும் அடையாறும் இதனால் இணைக்கப்பட்டன. கிழக்கே கடல் நோக்கிய நீர்வழிகளுக்குக் குறுக்காக வடக்கு தெற்காகச் செல்லும் இக்கால்வாய் வடிநிலங்களின் எல்லையைக் கலைத்தது. ஓட்டேரி நல்லா பேசின் பாலத்தருகே இதில் கலப்பது அதற்குச் சான்று. 1875இல் தொடங்கிய துறைமுகப் பணி கரையோர மணலின் வடதிசை நகர்வைத் தடுத்தது. துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்ந்தது. இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிப்புக்குள்ளாயின. 1996 முதல் தெலுங்கு கங்கைத் திட்டத்தின்வழி கிருஷ்ணா நீரும் பூண்டிக்கு வரத் தொடங்கியது.

அளவீட்டில் இதன் விளைவு

1944க்கு முந்தைய ஆண்டுகளை இயல்பு நிலையாகக் கொண்டால், 1872க்குப் பிந்தைய திசைதிருப்பல் 'இயல்பு' என்னும் கணக்கிலேயே சேர்ந்துவிடும். மாற்றத்தின் அளவு குறைத்துக் காட்டப்படும். 1996க்குப் பிந்தைய பதிவுகளிலோ வேற்று வடிநிலத்தின் நீர் இவ்வாற்றின் இழப்பை மறைக்கக்கூடும். ஆகவே ஒற்றை எல்லைக்கோட்டுக்கு மாற்றாக 1872, 1944, 1996 எனப் படிநிலை ஒப்பீடு தேவைப்படுகிறது. ஓட்டப் பதிவில்லாத காலத்திற்கு, 1813 முதல் கிடைக்கும் சென்னை மழைப் பதிவு துணைபுரியும். எனினும் மேற்கே மலைப்புறத்தில் பெய்த மழையை நகரின் ஒற்றை நிலையம் முழுமையாகக் காட்டாது என்பதால், அதன்வழி பெறும் ஓட்டத்தை மதிப்பீடாகவே கொள்ளல் தகும்.

முடிவுரை

அடிப்படைக் காலத்தின் தேர்வு கணக்கியல் நுணுக்கம் மட்டுமன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் மீனும் வாழ்வதற்கு நன்னீர் எவ்வளவு, எப்போது வரவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியில் கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றை அடைந்து எண்ணூர் மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. ஆற்றின் போக்கை மாற்றிய 19ஆம் நூற்றாண்டுப் பணிகள் இன்றும் நீரின் வழியை வகுக்கின்றன. அவற்றைக் கணக்கில் கொள்ளாத அளவீடு, சிதைந்த ஆற்றையே இயல்பான ஆறென ஏற்பதில் முடியும்.