பிள்ளைகளின் ஓட்டத்தை அளந்த கதை



அடிகளை எண்ணும் கைப்பட்டி இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரின் கைகளுக்கும் வந்துவிட்டது. பெருநாளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். 10,000 அடி நடந்துவிட்டால் பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறது என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம். இந்த எண் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளின் ஓட்டத்தை உலகம் எப்படி அளக்கத் தொடங்கியது? பதிவு கொஞ்சம் நீளம். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

அடிகளை எண்ணும் எண்ணம் பழையது. லியொனார்டோ டா வின்சியின் குறிப்புகளிலேயே அப்படியொரு கருவியின் வரைபடம் உண்டு. ஆனால் 10,000 என்ற எண் ஜப்பானில் பிறந்தது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருடம் யமாசா என்ற நிறுவனம் 'மன்போ-கெய்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. அந்தப் பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மானி' என்பதுதான். ஒரு பொருளை விற்க வைத்த பெயர் அது. பிள்ளைகளை ஆராய்ந்து கண்ட கணக்கு அல்ல.

பிள்ளைகளுக்கான கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்கிறது. அதை அடிகளாக மாற்றிப் பார்த்த ஆய்வுகளை 2011இல் ஒரு குழு தொகுத்தது. ஆரம்பப் பிரிவு ஆண்பிள்ளைகளுக்கு 13,000 முதல் 15,000 வரை, பெண்பிள்ளைகளுக்கு 11,000 முதல் 12,000 வரை என்று அது சொன்னது. ஆகவே 10,000ஐத் தொட்ட சிறு பிள்ளையைப் பார்த்து, போதும் உட்கார் என்று சொல்ல இடமில்லை.

முன்பெல்லாம் ஆய்வாளர்கள் வினாத்தாள் கொடுத்துத்தான் கேட்டார்கள். கடந்த 7 நாட்களில் எத்தனை நாட்கள் 60 நிமிடம் ஓடியாடினாய் என்ற வகைக் கேள்விகள். நம் நாட்டுப் பாடசாலைகளில் 2008இலும் 2016இலும் நடந்த மாணவர் சுகாதாரக் கணக்கெடுப்பும் இப்படித்தான் கேட்டது. ஆனால் எந்தப் பிள்ளை நிமிடக் கணக்கு வைத்து விளையாடுகிறது? கிளித்தட்டு ஆடியதை அரை மணி என்பதா, ஒரு மணி என்பதா? பெரியவர்களுக்கே அந்த ஞாபகம் இருப்பதில்லை.

1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 6 முதல் 10 வயது வரையான 15 பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்து, 3 விநாடிக்கு ஒரு தடவை குறித்தார்கள். கடுமையான ஓட்டங்களில் 100க்கு 95, 15 விநாடிக்குள் முடிந்துவிட்டன. பிள்ளை பாய்கிறது, நிற்கிறது, சிரிக்கிறது, மறுபடியும் பாய்கிறது. இடைவேளையில் எந்தப் பாடசாலை முற்றத்திலும் நாம் காண்பதுதான் இது.

இந்தச் சிறு பாய்ச்சல்களைப் பிடிக்க வந்தது, அசைவின் ஆர்முடுகலை அளக்கும் கருவி. 1980களில் ஆய்வுகளுக்கு வந்தது. 1990களில் தீப்பெட்டி அளவில் இடுப்பில் கட்டும் பெட்டியானது. 2003-2004இல் அமெரிக்க அரசு நாடு தழுவிய கணக்கெடுப்பில் அதைக் கட்டிப் பார்த்தபோது, 6 முதல் 11 வயதினரில் 42 வீதமானோர் 60 நிமிடத்தை எட்டினர். பருவ வயதினரில் எட்டியவர்கள் வெறும் 8 வீதம். பிரித்தானியாவில் 2008-2009இல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டினார்கள். ஆண்பிள்ளைகளில் 63 வீதம், பெண்பிள்ளைகளில் 38 வீதம். ஏழே வயதில் இவ்வளவு இடைவெளி!

கருவிக்கும் குறை உண்டு. அன்றைய கருவிகளில் நினைவகம் சிறிது. ஒரு வாரத்தைப் பதிய, ஒவ்வொரு நிமிடத்து அசைவையும் ஒரே எண்ணாகக் கூட்டி வைத்தார்கள். 10 விநாடி பாய்ந்து 50 விநாடி நின்ற பிள்ளை, அந்த நிமிடம் முழுக்க மெதுவாக அசைந்த பிள்ளை மாதிரித் தெரியும். பிறகுதான் 15 விநாடி, 1 விநாடி என்று துண்டுகளைக் குறைத்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இடுப்பில் கட்டும் கருவிக்கு ஏற்றமும் சுமையும் தெரியாது. றத்தோட்டை, கம்மடுவைப் பக்கம் புத்தகப் பையோடு மேடு ஏறி வரும் தோட்டத்துப் பிள்ளையின் உழைப்பை அது சமதரையில் நடப்பது போலவே எண்ணும். துவிச்சக்கர வண்டி மிதிப்பதையும் குறைத்தே காட்டும். தண்ணீரில் கழற்றி வைக்க வேண்டிய கருவியென்றால் சுது கங்கையில் நீந்தியது கணக்கிலேயே வராது. 2011 முதல் 2013 வரை 12 நாடுகளில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை இடுப்புக் கருவியால் அளந்த பெரிய ஆய்வில் நம் பக்கத்தில் பெங்களூர் இருந்தது. இலங்கை இருக்கவில்லை. மேடும் பள்ளமுமான நம் ஊரைப் பற்றி அந்த எண்களில் தேட முடியாது.

ஆனால் ஒன்றை வினாத்தாளும் கருவியும் சேர்ந்தே சொல்கின்றன: வயது கூடக் கூட அசைவு குறைகிறது, பெண்பிள்ளைகளிடம் அது ஆண்பிள்ளைகளை விடக் குறைவாக இருக்கிறது. 2016 வரையான தரவுகளைக் கொண்டு 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களைக் கணக்கிட்டபோது, போதிய அசைவு இல்லாதவர்கள் ஆண்பிள்ளைகளில் 78 வீதம், பெண்பிள்ளைகளில் 85 வீதம்.

நம் நிலை என்ன? காலையில் வேன் அல்லது ஓட்டோ, பின்னேரம் டியூஷன், பிறகு ஓதப் போவது. தரம் 5இல் புலமைப்பரிசில் வந்தால் விளையாட்டுப் பாடவேளைதான் முதலில் காணாமல் போகிறது. தரம் 7, 8க்கு வந்த பெண்பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்தில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் எழுப்பி ஓட விடுகிறோம். மார்க்கத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு ஒரு ஞாபகம்: நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தது ஹதீஸில் பதிவான செய்தி. ஒழுக்கம் பேணி ஓட ஓர் இடத்தையும் நேரத்தையும் ஒதுக்கிக் கொடுப்பது பெரியவர்களான நம் பொறுப்பு.

அளப்பதற்குக் கைப்பட்டி வாங்க வேண்டியதில்லை. 1991இல் உடற்கல்விப் பாடவேளைக்காகவே ஒரு முறை வெளிவந்தது. ஒரு பிள்ளையை 10 விநாடி பார்ப்பது, அடுத்த 10 விநாடியில் குறிப்பது. படுத்திருக்கிறதா, இருக்கிறதா, நிற்கிறதா, நடக்கிறதா, ஓடுகிறதா? கடதாசியும் பேனையும் மணிக்கூடும் போதும். ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் இப்படிக் குறித்தால், 40 நிமிடப் பாடவேளையில் நம் பிள்ளைகள் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடினார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கடதாசியை அடுத்த பெற்றார் கூட்டத்தில் மேசையில் வைப்போம். ஆண்பிள்ளைகளின் கணக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைகளின் கணக்கு மறுபக்கம். அதைப் பார்த்த பிறகு மைதானத்தை யாருக்கு, எந்த நேரத்தில் திறப்பது என்று நாமே பேசி முடிவெடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.