நடுவில் நிற்பவர் யார்? சீனமொழித் தேர்வும் 'இடைநிலை' என்னும் கோடும்

சீனமொழி படிக்கிறேன் என்றால் நண்பர்கள் உடனே கேட்பது, 'எத்தனாவது லெவல்?' என்றுதான். என்ன வாசித்தாய், யாரோடு பேசினாய் என்று யாரும் கேட்பதில்லை. 2019இல் நான் ஹெச்.எஸ்.கே. நான்காம் நிலை எழுதினேன். 1200 சொற்கள், 300 மதிப்பெண்ணுக்கு 180 எடுத்தால் தேர்ச்சி. 'இடைநிலை' என்று மார்தட்டிக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் சீன அரசு புதிய தர அட்டவணையை வெளியிட்டது. அதில் நான்காம் நிலைக்கு 3245 சொற்கள். 'அப்ப நீ இப்ப இடைநிலையா, இல்லையாப்பா?' என்றார் நண்பர். 'ராத்திரி படுத்து எந்திரிச்சேன், கீழ இறக்கிட்டாங்க' என்றேன். சிரித்தோம். ஆனால் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக இல்லை. என் அறிவு மாறவில்லை, கோடு மாறியிருக்கிறது. கோட்டைப் போடுவது யார்?

இந்தத் தேர்வு பிறந்தது 1984இல், பெய்ஜிங் மொழி நிறுவனத்தில். 1990இல் வல்லுநர் குழுவின் ஒப்புதல் கிடைத்தது. முதலில் உருவானது தொடக்க–இடைநிலைத் தேர்வுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிப்படைநிலையும் உயர்நிலையும் பின்னால் வந்தவை. அதாவது அடியும் முடியும் வகுக்கப்படும் முன்பே 'நடு' வகுக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழக வாசலில் நிற்கும் அயல்நாட்டு மாணவரை வடிகட்டத் தேவைப்பட்டது அந்த நடுதான். பதினொரு படிகள் கொண்ட அந்தப் பழைய அமைப்பில் அறிவியல் படிப்புக்கு மூன்றாம் படி, கலைப் படிப்புக்கு ஆறாம் படி என்று கணக்கு வைத்தார்கள். தேர்வில் 170 கேள்விகள், 145 நிமிடம். இலக்கணத்துக்கென்றே தனிப்பகுதி, 30 கேள்விகள்.

2010இல் எல்லாம் கலைக்கப்பட்டது. ஆறு நிலைகள், 150, 300, 600, 1200, 2500, 5000 என்று சொற்கணக்கு. தனி இலக்கணப் பகுதி போய்விட்டது. நான்காம் நிலையில் கேட்டல் 45, வாசித்தல் 40, எழுதுதல் 15 என 100 கேள்விகள். ஏன் இந்தத் தளர்வு? 2004இல் சியோலில் தொடங்கிய கன்ஃபூசியஸ் நிறுவனங்கள் அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தன. மொழியை வெளியே கொண்டுசெல்ல விரும்பும் அரசுக்கு வாசலில் வடிகட்டி வேண்டாம், வரவேற்பு வளைவு வேண்டும். ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் ஆறு படிகளோடு இந்த ஆறு நிலைகளையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தினார்கள். 5000 சொல் தெரிந்தவர் உச்சப் படியில் நிற்பதாக ஆயிற்று. ஜெர்மனியின் சீனமொழி ஆசிரியர் சங்கம் இந்தப் பொருத்தத்தை ஏற்க மறுத்தது. தராசு கடைக்காரருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2021இல் கடிகார முள் திரும்பவும் மறுபக்கம். மூன்று கட்டம், ஒன்பது நிலை, 11,092 சொற்கள். இடைநிலைக் கட்டம் என்பது நான்கு முதல் ஆறு வரை. அதை முடிக்கும்போது 5456 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 1800 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். ஆனால் கையால் எழுத வேண்டியவை 700தான். விசைப்பலகை வந்தபின் கைக்கும் கண்ணுக்கும் இடையே விழுந்த பிளவை அரசு ஆவணமே ஒப்புக்கொண்ட இடம் இது. மொழிபெயர்ப்பும் நான்காம் நிலையிலிருந்து ஒரு திறனாகச் சேர்க்கப்பட்டது. தேர்வறை உடனே மாறிவிடவில்லை. 2022 நவம்பரில் ஏழு முதல் ஒன்பது வரையான மேல்நிலைக்குப் புதிய தேர்வு நடந்தது. கீழ் ஆறும் அப்போது பழைய கணக்கிலேயே ஓடின. ஆக, அட்டவணைப்படி நான் கீழே, சான்றிதழ்படி நடுவே.

சரி, அயலார் ஒருவரின் சான்றிதழ் கவலை இது, இதில் என்ன அரசியல் என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. பழைய தேர்வின் வரையறையைப் பாருங்கள்: தாய்மொழி ஹான்மொழி அல்லாதவர்களுக்கானது, அதாவது அயல்நாட்டார், வெளிநாடுவாழ் சீனர், சீனாவின் சிறுபான்மை இனத்தவர். ஊய்குர் மாணவரும் அமெரிக்க மாணவரும் ஒரே வரிசையில். ஒருவர் விமானம் ஏறி வந்தவர். மற்றவர் தன் ஊரிலேயே இருப்பவர். 1990களில் ஷின்ஜியாங்கில் இந்தத் தேர்வையே சிறுபான்மை மாணவர்களுக்கு வைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அவர்களுக்கென நான்கு நிலை கொண்ட தனித்தேர்வு வந்தது. வரிசை பிரிந்தது, அளவுகோலின் தர்க்கம் பிரியவில்லை. ஹான் மக்களும் தப்பவில்லை. கான்டனீஸோ ஹக்காவோ பேசி வளர்ந்தவர் ஆசிரியராகவோ அறிவிப்பாளராகவோ ஆக, 1994 முதல் பொதுமொழி உச்சரிப்புக்கெனத் தனித்தேர்வு.

ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலை பற்றிய நூலில் தேர்வைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது: கண்காணிக்கும் பார்வையும் இயல்பு எது என்று தீர்ப்பிடும் அதிகாரமும் சேருமிடம் தேர்வு. ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஓடிய அரசுப்பணித் தேர்வை 1905இல் ஒழித்த நாட்டில், தேர்வு தாள் மாற்றித் திரும்பி வந்திருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் அன்றைய தேர்வு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது. இன்றைய தேர்வு பேசுகிற வாயைத் தேர்ந்தெடுக்கிறது.

இன்னொரு சொல்மாற்றத்தைச் சொல்லி முடிக்கிறேன். தேர்வு பிறந்தபோது அதன் பெயரில் இருந்தது 'ஹன்யூ', ஹான் மக்களின் மொழி. 2021 தர அட்டவணையின் தலைப்பில் இருப்பது 'சோங்வென்', சீனத்தின் மொழி. ஓர் இனத்தின் மொழி தன் இனப்பெயரைக் களைந்து நாட்டின் பெயரைப் போர்த்திக்கொள்கிறது. அப்படியானால் திபெத்தியமும் ஊய்குரும் மங்கோலியமும் எந்த நாட்டின் மொழிகள்? இதற்கு நான்காம் நிலையிலும் கேள்வி இல்லை, ஒன்பதாம் நிலையிலும் இல்லை.

நான் தொடர்ந்து படிக்கத்தான் போகிறேன். மொழியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'எத்தனாவது லெவல்?' என்று இனி யாராவது கேட்டால், 'யாரோட கணக்குல?' என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன்.