கட்டியும் கழலையும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் இரண வைத்தியம்

விக்கிரமசிங்கபுரம் பொதிகை மலையடிவாரத்தில், தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தை ஒட்டி அமைந்த ஊர். மரபு அகத்தியருக்கு உரிமையாக்கிய மலை அருகிலேயே இருப்பதால், இப்பள்ளத்தாக்கின் சித்த வைத்தியர்கள் தம் ஏடுகளையும் மூலிகைகளையும் அம்முனிவரோடு இணைத்தே பேசிவந்தனர். அவர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களுள் பல, மொழிநடையால் மிகப் பிற்காலத்தவை. ஆயினும் உடலில் எழும் கட்டிகளையும் அவற்றிலிருந்து கசிவனவற்றையும் பிரித்தறிந்த அறிவின் மதிப்பு அதனால் குறைவதில்லை.

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பகுக்கிறது. அரைத்த மருந்தைத் தடவும் பற்று, களிம்பு, அட்டை விடல் ஆகியவற்றோடு கத்தியால் திறக்கும் கீறல், அறுவை, புண்ணின் துளைக்குள் மருந்துத் திரியைச் செலுத்தும் வர்த்தி ஆகியனவும் அதில் அடங்கும். சூடும் வலியும் சிவப்புமாக விரைந்து எழுவதைக் கட்டி என்றும், வலியின்றி மெல்லத் திரண்டு பல ஆண்டுகள் நிற்பதைக் கழலை என்றும் வைத்தியர் பிரித்தனர். கட்டியைப் பழுக்கவைத்தே திறக்க வேண்டும் என்பது விதி. சுட்ட வெங்காயமும் மஞ்சளும் சேர்ந்த பற்றை வைத்துக் காத்திருந்து, விரலால் அழுத்தும்போது உள்ளே நீர்மம் ததும்பினால் மட்டுமே கீறுவர். கீறிய வாய் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் தங்கிவிடாதிருக்கவே திரி செலுத்தப்பட்டது. இன்றைய அறுவை அரங்கில் சீழ்க்குழிக்குள் துணித்திரி வைப்பதன் நோக்கமும் அதுவே.

வழிவது எது என்பதே நோயின் தன்மையைப் பெரிதும் காட்டும். சீழ் என்பது கிருமிகளோடு பொருது மடிந்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும் கலந்த குழம்பு. தெளிந்த மஞ்சள் நீர் இரத்தத்திலிருந்து கசிந்த ஊன்நீர். தோலடிப் பைக்கட்டி உடைந்தால் வரும், வெண்ணெய்க்கட்டி போன்ற நாற்றமுடைய பொருள், தோல் உதிர்க்கும் கெரட்டின் என்னும் புரதம். கழலை போன்ற வளர்ச்சியிலிருந்து காரணமின்றி இரத்தம் கசிவது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதனைக் கீறிப்பார்ப்பது பெருந்தவறு.

கத்தி பிடித்தவர்கள் பெரும்பாலும் ஏடெழுதியவர்கள் அல்லர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கட்டி கீறும் தொழில், முடிதிருத்துவோரும் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டோருமான சமூகத்தாரின் கையில் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் பேறு பார்த்தனர். கைத்திறனும் நூலறிவும் இவ்வாறு இரு தெருக்களில் வாழ்ந்ததே தமிழ் அறுவை மருத்துவம் தேங்கியதற்கு முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு. இவ்விரு சாராரையும் நாடாதவர்கள் சங்கரன்கோவில் சென்று, தோல்நோய் தீரப் புற்றுமண் பூசினர். இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் வாயுடைந்த புண்ணில் மண் படுவது இரணசன்னிக்கு வழிவிடும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை அறுவை மருத்துவத்தை ‘இரண வைத்தியம்’ என்னும் தமிழ் நூலாக 1867இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் சீழ் பிடிப்பதைத் தடுக்கலாம் என எழுதினார். அதுவரை ஐரோப்பியரும் கெட்டியான வெண்சீழை நற்குறியென்றே போற்றிவந்தனர் என்பதை நினைத்தால், நாட்டு வைத்தியரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் கொத்துக்கொத்தாகக் கிடந்த கிருமிகளை 1880இல் கண்டார். 

1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் கற்றோரையே பதிவுசெய்ததால், கீறல் தொழில் சட்டத்தின் நிழலுக்கு வெளியே தள்ளப்பட்டது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபின் ஏட்டு மரபு பாடத்திட்டமாயிற்று. ஊமத்தையிலைச் சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் ஆறாப் புண்களுக்கு இன்றும் சித்த மருத்துவத்தில் வழங்குகிறது. நாவிதரின் கத்தியோ அப்பாடத்திட்டத்துக்குள் வரவேயில்லை.