கப்பல் கொடுத்த கோப்பை

1912 நவம்பரில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் கவுன்சிலில் பேராக் சுல்தான் இத்ரிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கடற்படைக்கு மலாயாவின் செலவில் ஒரு போர்க்கப்பல் கட்டித் தருவோம் என்பது அதன் சாரம். மறுப்பில்லாமல் நிறைவேறியது. நிறைவேறாமல் என்ன செய்யும்? அந்த அவையில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் கிடையாது. கப்பலுக்கு ஆன செலவு சுமார் 29 லட்சம் பவுண்டு. அன்றைய காசில்.

மலாயாவில் ஒரு கால்பந்துப் போட்டியின் கதை இந்தத் தீர்மானத்தில்தான் தொடங்குகிறது. 1921 முதல் 1966 வரை நடந்த மலாயா கோப்பை அது. மாநிலத்துக்கு மாநிலம் மோதிய, சம்பளமில்லாத ஆட்டக்காரர்களின் போட்டி. இன்று அந்தப் பெயரில் போட்டி இல்லை.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வெள்ளீயத்துக்கும் ரப்பருக்கும் போட்ட ஏற்றுமதித் தீர்வை, ரயில் வருமானம், அபின் வருமானம் எல்லாம் சேர்ந்ததுதான் மலாயா கஜானா. ஈயச் சுரங்கத்தில் சீனர்கள். ரப்பர் காட்டில் நம்மவர்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களோடு மதுரை ஜில்லாவும் அந்தக் கணக்கில் உண்டு. மதுரைச் சீமை ஆட்கள் அதிகம் போனது இலங்கைத் தேயிலைக்கு என்றாலும், மலாயாவுக்குப் போனவர்களும் குறைவில்லை. ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போக முடியாது. எதிரே ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம். அதற்குப் பிறகு லயம் என்ற வரிசை வீடு, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பால்வெட்டு. இப்படி வெட்டிய பால்தான் தீர்வையாகி, தீர்வை கப்பலாயிற்று.

எச்.எம்.எஸ். மலாயா 1915 மார்ச்சில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் நீரில் இறங்கியது. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. அடுத்த ஆண்டே முதல் உலகப்போரின் ஜட்லாந்துக் கடற்போர். எட்டுக் குண்டுகள் வாங்கியது, 65 பேர் செத்தார்கள். பெயர்தான் மலாயா, போர் முடியும்வரை அது மலாயாவை எட்டிப் பார்த்ததில்லை. காசு கொடுத்தவர்களுக்கு முகம் காட்ட அது கீழ்த்திசைக்கு வந்தது 1921இன் தொடக்கத்தில்.

துறைமுகம் துறைமுகமாக நின்றது. மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மாலுமிகள் கரையிறங்கி உள்ளூர் அணிகளோடு கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் என்று ஆடித் தீர்த்தார்கள். உபசாரத்துக்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் இரண்டு கோப்பைகள் தருவதாகச் சொன்னார்கள். ஒன்று கால்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு. இதைக் கப்பலின் பெருந்தன்மை என்று எழுதாத வரலாறு இல்லை. எனக்கென்னவோ அது மொய்க் கணக்காகத்தான் படுகிறது. 29 லட்சம் வைத்த வீட்டுக்குத் திரும்பி வந்த முறை, இரண்டு கோப்பை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கப்பலால் மலாயாவுக்குக் கிடைத்ததில் ஜனங்கள் கொண்டாடியது அந்தக் கால்பந்துக் கோப்பையைத்தான்.

1921 ஆகஸ்டில் முதல் ஆட்டம். கோலாலம்பூரில் சிலாங்கூர், பினாங்கை 5-1 என்று உரித்தது. அணிகளை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். காரணம் தூரம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிட்டத்தட்ட தீபகற்பத்தின் முழு நீளமும் கிடக்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் முதலில் ஜொகூர் நீரிணையைப் படகில் தாண்ட வேண்டும். அதன் குறுக்கே போட்ட கல்பாலம் 1924இல்தான் முறைப்படி திறந்தது. ஆகவே பக்கத்து மாநிலங்கள் தங்களுக்குள் மோதி, வடக்கில் ஜெயித்தவரும் தெற்கில் ஜெயித்தவரும் கடைசியில் சந்திப்பது என்று ஏற்பாடு.

அக்டோபர் 1ஆம் தேதி சிலாங்கூர் கிளப்பின் திடலில் இறுதியாட்டம். அந்தத் திடலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு பக்கம் மேல்மாடமும் தூண்களுமாக வெள்ளைக்காரர்களின் கிளப். நேர் எதிரே மணிக்கூண்டும் செம்புக் கவிகைகளும் வைத்த அரசாங்கச் செயலகம். நடுவில் புல். நாட்டை ஆண்டவர்கள் வேலை பார்த்த இடத்துக்கும் மது குடித்த இடத்துக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில்தான் பந்து ஓடியது. சிங்கப்பூர் 2-1 என்று ஜெயித்தது. சிலாங்கூர் அடுத்த ஆண்டே கோப்பையை மீட்டது. அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு இந்த இரண்டு பேரின் பங்காளிச் சண்டைதான் மலாயா கோப்பை. பேராக் 1926, 1931 ஆண்டுகளில் நடுவே புகுந்தது. 1928, 1929 இரண்டு ஆண்டும் இறுதியாட்டம் சமனில் முடிந்து கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெனால்டி அடித்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அப்போது வரவில்லை.

ஆடியவர்கள் யார்? தொடக்கத்தில் அதிகாரிகள், பட்டாளத்துச் சிப்பாய்கள், தோட்டத் துரைகள் என்று வெள்ளை முகங்கள் நிறைய. பின்னர் மலாய், சீன, யுரேசிய, இந்திய ஆட்கள் மெல்ல உள்ளே வந்தார்கள். எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. ரயில்வே, மராமத்து இலாகா, போலீஸ், சுங்கம், பள்ளிக்கூடம். சம்பளம் அங்கே, பெயர் இங்கே. காலனி ஆட்சி மனிதர்களை இனவாரியாகப் பிரித்து வைத்ததில் கிளப்புகளும் அப்படியே முளைத்தன. மலாய்க்காரர்களுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, யாழ்ப்பாணத் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று. மாநில அணி மட்டும் விதிவிலக்கு. ஒரு சட்டைக்குள் எல்லோரும் நிற்க வேண்டிய அபூர்வ இடம் அது.

தோட்டத்துக் கூலிக்கு இதில் இடம் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது ஆயிரக்கணக்கான தமிழர்களைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். அந்த ஆண்டுகளிலும் கோப்பை ஆட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை அதோடு ஓய்ந்தது. தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் திடலிலும் தோட்டப் பள்ளியின் வாசலிலும் வெறுங்காலோடு பந்தடித்தார்கள். ஆட்டக்காரர்கள் அங்கிருந்து வரப் போகிறார்கள். அதற்கு இன்னொரு தலைமுறை வேண்டியிருந்தது.

1941இல் சிங்கப்பூர் ஜெயித்ததோடு போர் வந்துவிட்டது. ஆட்ட மைதானங்களுக்கு வேறு வேலை வந்தது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூரின் ஃபாரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேயர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேதான் வித்து. மலாயா கோப்பை ஆட்டங்கள் நடந்த ஜாலான் புசார் ஸ்டேடியத்தில் சீனர்களை நிறுத்தி, யாரைக் கொல்வது என்று ஜப்பானியர் பொறுக்கினார்கள். தோட்டத்துத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய் சயாம் மரண ரயில் பாதையில் கொட்டினார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அந்தக் காலத்துப் பினாங்கையும் சுமத்ராவின் மேடானையும் தமிழில் படிக்க விரும்புகிறவர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுக்கலாம். சிங்கம்புணரியிலிருந்து கடல்கடந்து போய், போருக்குப் பின் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தபடி எழுதிய மனிதர். நாவலில் கால்பந்து தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் கரையின் மண்வாசம் இருக்கிறது.

கப்பல் அந்த நாட்களில் மலாயாவின் பக்கமே இல்லை. 1922இல் கடைசி ஒட்டோமன் சுல்தானை இஸ்தான்புல்லிலிருந்து நாடுகடத்திச் சுமந்து போனதும் இதே கப்பல்தான் என்பதை இடையில் சொல்லாமல் விட மனசில்லை. 1941 பிப்ரவரி 9ஆம் தேதி அது இத்தாலியின் ஜெனோவா நகரத்தின் மேல் குண்டு பொழிந்தது. ஒரு குண்டு சான் லோரன்சோ தேவாலயத்துக்குள் விழுந்து, வெடிக்காமல் கிடந்தது. இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று கப்பலை டார்பிடோவால் அடித்தது. நியூயார்க்கில் பழுது பார்த்தார்கள். காசு போட்ட நாட்டை ஜப்பான்காரன் பிடித்தபோது, அந்த நாட்டின் பெயர் சுமந்த கப்பல் ஒரு குண்டுகூட அதற்காகச் சுடவில்லை.

1948இல் கோப்பை மறுபடி தொடங்கியது. யாரும் எதிர்பாராத நெகிரி செம்பிலான் ஜெயித்தது. அதே ஆண்டு கப்பலை ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் துறையில் இழுத்து வந்து கட்டி, பழைய இரும்புக்காக உடைத்தார்கள். கொடுத்தவன் போனான், கொடுத்தது பிழைத்தது.

ஐம்பதுகளில் ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது. துங்கு அப்துல் ரஹ்மான் 1951இல் மலாயாக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். ஆறு வருஷத்தில் நாட்டுக்கே பிரதமர். முதல் இறுதியாட்டம் நடந்த அதே சிலாங்கூர் கிளப் திடலில், 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். மறுநாள் விடுதலை விழா புதிதாகக் கட்டிய மெர்டேக்கா ஸ்டேடியத்தில். கோப்பையின் பெரிய ஆட்டங்களும் மெல்ல அங்கே குடிபெயர்ந்தன. சிலாங்கூரின் கனி மின்ஹாட் போன்றவர்கள் பந்தோடு இறங்கினால் தோட்டங்களிலிருந்து ரசிகர்கள் லாரி பிடித்து வரும் அளவுக்கு மோகம்.

1963இல் மலேசியா உருவானது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. நாடு பிரிந்த அந்த ஆண்டு கோப்பையை எடுத்தது சிங்கப்பூர்தான். 1966இல் சிலாங்கூர் ஜெயித்தது, அதுவே மலாயா கோப்பையின் கடைசி ஆட்டம். சபா, சரவாக் எல்லாம் சேர்ந்த நாட்டுக்குப் பழைய பெயர் பொருந்தாது என்று 1967 முதல் மலேசியா கோப்பை என்று மாற்றினார்கள். முதல் ஆண்டு பேராக் ஜெயித்தது. தனி நாடான பிறகும் சிங்கப்பூர் எல்லை தாண்டி வந்து ஆடியது. 1994இல் ஷா ஆலமில் பஹாங்கை 4-0 என்று தோற்கடித்துக் கோப்பையோடு வீடு போனது, வசூல் பங்கில் தகராறு, அடுத்த ஆண்டு வரவில்லை. சம்பளமில்லாத ஆட்டமும் அந்தச் சுற்றிலேயே முடிந்தது: 1989இல் அரைத் தொழில்முறை, 1994இல் முழுத் தொழில்முறை.

முன்பு சொன்ன அந்த இன்னொரு தலைமுறை வந்து சேர்ந்தது இந்த மாறுதல்களுக்கு நடுவில்தான். சிலாங்கூரின் எம். சந்திரன் நாட்டு அணியோடு 1972 மியூனிக் ஒலிம்பிக்குப் போனார். கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தை அவர் கைநீளத்துக்காக ஸ்பைடர்மேன் என்று மூன்று இனத்து ரசிகர்களும் கூப்பிட்டார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். அரசாங்கம் புறக்கணித்ததால் போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பிறகு தேசியப் பயிற்சியாளரானார். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை வீழ்த்தி மலேசியா முதல்முறையாக ஆசியான் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பையை வென்றது அவர் கையில். அதற்காக டிசம்பர் 31ஆம் தேதி நாடு முழுக்க லீவு விட்டார்கள்.