கூட்டம் கலைந்தால் என்ன மிச்சம்? மணிமேகலையும் ஒரு பழைய கேள்வியும்

மணிமேகலை எண்டால் எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது அமுதசுரபியும் மணிபல்லவமும்தான். மணிபல்லவம் எங்கட நயினாதீவுதான் என்ற நம்பிக்கையால் அந்தக் கதையில் எங்களுக்கு உரிமை கொஞ்சம் கூட. ஆனால் 27ஆம் காதைவரை பொறுமையாக வருபவர்கள் குறைவு. அங்கே மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: பகுதிகள் சேர்ந்து வரும் முழுமை ஒரு புதிய பொருளா, இல்லை சும்மா ஒரு கூட்டமா?

ஆசீவகர் அணுக்களின் பக்கம். அணு பிளக்காது, அவல் போலத் தட்டையாகப் பரவாது, நீரணு நிலவணுவாக மாறாது. நிலம், நீர், தீ, காற்று என்ற அணுக்கள் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் கூடும். எது மிகுதியோ அதன் பெயரே பொருளுக்கு. மாலை மங்கலில் ஒரு தனிமயிர் தெரியாது, திரண்ட மயிர் தெரியும். அதுபோலத்தான் அணுவும் என்கிறார். அதாவது முழுமை என்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் திரண்ட பகுதிகள்.

பூதவாதி இதை ஒத்துக்கொள்ளமாட்டார். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் தனித்தனியே பார்த்தால் வெறி இல்லை. சேர்த்துப் புளிக்க வைத்தால் வருது. உணர்வும் அப்படித்தான், பூதங்கள் கூடும்போது பிறக்கும், பிரிந்தால் பறையின் ஓசை போல இல்லாமல் போகும். பகுதியில் இல்லாதது முழுமையில் வரலாம் என்பதை இதைவிட எளிதாகச் சொல்லமுடியுமா?

வைசேடிகர் ‘கூட்டம்’ என்பதையே ஆறு பொருள்வகைகளில் ஒன்றாக எண்ணுகிறார். வடமொழியில் அது சமவாயம். அவர்களுக்கு நூல் வேறு, துணி வேறு. துணி ஒரு தனிப்பொருள், அது நூல்களில் சமவாயத்தால் தங்கியிருக்கிறது. பௌத்தமோ நேர் எதிர். 30ஆம் காதையில் உடம்பு, நீர், நாடு என்பவை தொகைப்பெயர்கள் ஆகின்றன. வித்து, முளை, தாள் என்று மாறிமாறி வருவதை நாங்கள் ‘நெல்’ என்பது தொடர்ச்சியைக் குறிக்கும் வழக்கு.

சைவசித்தாந்தம் இன்னொரு பாதை. உலகம் அணுக்கள் கூடி வந்ததல்ல. மாயை என்ற ஒரே முதற்காரணத்திலிருந்து விரிகிறது, பிறகு அதிலேயே ஒடுங்குகிறது. சிவஞானசித்தியார் பரபக்கம் 14 மதங்களை மறுக்கும்போது ஆசீவகத்தையும் விடவில்லை. சித்தியார் சுபக்கத்துக்கு உரை எழுதியவர்களில் ஒருவர் ஞானப்பிரகாச முனிவர். 17ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கேயர் காலத்தில், இங்கிருந்து சிதம்பரம் போனவர். அவர் ஊர் திருநெல்வேலி, இன்று எங்கள் பல்கலைக்கழகம் நிற்கிற அதே ஊர். ஆக இது எங்கோ தூரத்து விவாதம் இல்லை.

இப்போது இந்த அளவுகோல்களை எங்கட ஊரின் ஒரு பொருளில் வைத்துப் பார்ப்போம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும். ஆசீவகரைக் கேட்டால் ஓர் அணுவும் அழியவில்லை என்பார். உண்மைதான், ஆனால் சாம்பலை வாசிக்க முடியாது. அழிந்தது அணு அல்ல, அவை நின்ற ஒழுங்கு. அந்த ஒழுங்குக்கு ஆசீவகத்தில் தனிப்பெயர் இல்லை. வைசேடிகப்படி திரும்பக் கட்டியது வேறொரு நூலகம். பௌத்தப்படி அது தொடர்ச்சி, வித்தும் தாளும் போல. ஊர்ச்சனம் இரண்டையுமே சொல்லுது: “அதே நூலகம்தான்”, “ஆனா பழசு போட்டுது”.

இதில் எங்களுக்கு விளங்குகிற ஒன்று உண்டு. முழுமை திரும்பி வரவேண்டுமெண்டால் பகுதிகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கக்கூடாது. ஆசீவகரின் சொந்த நூல்கள் எங்களிடம் இல்லை. மணிமேகலை, நீலகேசி, சித்தியார் என்று எதிராளிகள் எழுதியவற்றிலிருந்துதான் அவர்களை ஒட்டிப் பார்க்கிறோம். மணிமேகலையோ பல ஏடுகளில் பிழைத்ததால் 1898இல் உ. வே. சாமிநாதையர் அதைப் பதிப்பிக்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்து எரிந்த சுவடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் செய்வதும் பகுதிகளைப் பரப்பி வைக்கும் வேலைதான். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற கோயில் மலரும், பழைய மாணவர் சங்க இதழும், கல்வெட்டும் அப்படிப்பட்ட பகுதிகள். வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றைக் கட்டி எரிக்கமுதல் ஒருதரம் விரித்துப் பார்ப்போம்.