செத்தவர் துணியும் தைத்தவர் பெயரும்



இந்த ஆண்டின் நினைவுப் பொழிவுக்கு எதை எடுத்துக்கொள்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில், புதுச்சேரி நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு குடியிருப்பில் மூதாட்டி ஒருவர் எங்கள் முன்னால் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஏழு மெத்தைகள் இருந்தன. பஞ்சு அடைத்தவை அல்ல. பழம்புடவைகளை நாலைந்து அடுக்காக மடித்து, கிழிந்த இடத்தில் வேறு துணியை ஒட்டுப்போட்டு, ஊசியை மேலும் கீழும் நெருக்கமாக ஓட்டிக் கையால் தைத்தவை. குழந்தை பிறந்தால் விரிக்க, கிழவர் படுத்தால் போட, மார்கழிப் பனியில் போர்த்திக்கொள்ள என்று நாற்பது வருடங்களில் தைத்தவை.

"புள்ளைங்க எல்லாம் ஃபோம் மெத்தை வாங்கிட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல. இதுக்கெல்லாம் ஒரு வீடு பாத்துக் குடுங்கப்பா" என்றார்.

ஏழில் ஒன்றின் மேல்துணி காக்கி. மில்லுக்குப் போய்வந்த அவருடைய கணவரின் சட்டையும் கால்சட்டையும் அது. அவர் இறந்த பிறகு பிரித்துத் தைத்தது. அதைப் பற்றி அந்த அம்மா அதிகம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. கையால் தைத்த ஒரு பழந்துணி மெத்தைக்கு எது வீடு? யார் வீட்டில், என்ன பயனுக்கு, யார் பெயரில் அது இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், சாதியின் வரலாற்றுக்குள் போகாமல் முடியாது என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்தது.

பழந்துணி இந்த நாட்டில் வெறும் துணியாக இருந்ததில்லை. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் என்று அது ஒதுக்கிவைத்தவர்களுக்கு உடையை விதிக்கிறது: செத்தவர்களின் துணி. உண்ணும் பாத்திரத்தையும் விதிக்கிறது: உடைந்தது. அதே அத்தியாயம் சூத்திரருக்கு எச்சில் சோற்றையும் பழைய துணியையும் கொடுக்கச் சொல்கிறது. ஒருவர் புதுத்துணி வாங்க வசதியில்லாமல் பழையதை உடுத்துவது வறுமை. பழையதை மட்டுமே உடுத்த வேண்டும் என்று விதிப்பது சாதி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், பழந்துணி கொடுப்பதைத் தருமம் என்று எண்ணுகிறவர்களுக்கு நம்முடைய கோபம் புரிவதில்லை.

இதெல்லாம் ஏட்டில் இருந்த விதி, நடைமுறை வேறு என்பார்கள். நம் ஊர்களில் பிணத்தின் மேல் போர்த்திய துணி யாருக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன் வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மாராப்புப் போடக் கூடாது என்பவை அவற்றுள் சில. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அம்பேத்கர் தம் எழுத்தில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதே நாட்களில் அங்கே கூடிய பெண்களிடம் அம்பேத்கர் சேலை கட்டும் முறையைப் பற்றிப் பேசினார். தீண்டப்படாதவர் என்று பார்த்ததும் தெரியும்படி கட்டும் முறையை விட்டுவிடச் சொன்னார். நூலை எரித்த கையோடு உடையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? விதி உடம்பின் மேல் துணியாக உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியும்.

ஆனால், பழந்துணிக்கு இந்த மண்ணில் இன்னொரு வரலாறும் உண்டு. அது பௌத்தத்தின் வரலாறு. தொடக்க காலத் துறவிகள் குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, சாயமேற்றி, தைத்து உடுத்தினார்கள். பாலி மொழியில் அதற்குப் பாம்சுகூலம் என்று பெயர். மனு யாருக்குத் தண்டனையாக விதித்தாரோ அதே செத்தவர் துணியை, புத்தரின் சங்கம் விரும்பி எடுத்து உடுத்தியது. மகத நாட்டின் வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்த புத்தர், அதுபோல ஓர் அங்கியை அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் துண்டுத் துணிகளை இணைத்து அதை அமைத்ததாகவும் விநயபிடகம் சொல்கிறது. இன்றும் பிக்குகளின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைத்ததுதான். உழவரின் வயலை வரைபடமாக எடுத்துக்கொண்ட உடை உலகத்தில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

விநயத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு அங்கிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். மன்னர் உதயணனுக்குச் சந்தேகம்: இத்தனையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கிழிந்த அங்கி உடுத்தியிருக்கும் பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அந்தப் பழைய அங்கிகளை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதுவும் பழையதானால்? தரை விரிப்பு. பிறகு? கால் துடைக்கும் துணி. பிறகு? தூசு தட்டும் துணி. அதற்கும் பிறகு? நறுக்கி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மன்னர் வாயடைத்துப் போனாராம்.

நம் பாட்டிமார் இந்த நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு புடவை நடந்த பாதை இதுதான்: புடவை, தாவணி, தூளி, மெத்தை, கரித்துணி. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றார். அதை வரலாற்று உண்மையாக ஏற்பதா, எதிர்ப்பண்பாட்டுக் கோரிக்கையாக வாசிப்பதா என்ற விவாதம் நம்மிடையே உண்டு. எப்படி வாசித்தாலும், பழந்துணியைக் கேவலமாகப் பார்க்கும் கண் ஒன்றும், அதை வேறொன்றாக ஆக்கும் கை ஒன்றும் இந்த நாட்டில் நெடுங்காலமாக எதிரெதிரே இருந்து வந்திருக்கின்றன. நாம் கையின் பக்கம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரி துணியால் வளர்ந்த ஊர். அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி இங்கிருந்து பிரெஞ்சு வணிகர்களின் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 'கினி' என்று அதற்குப் பெயர். செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அது காசு போலவே செல்லுபடியானது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணிகள் ஆப்பிரிக்க மனிதர்களை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. நூற்றவர், நெய்தவர், அவுரித் தொட்டியில் இறங்கிச் சாயமேற்றியவர் பெயர் எதுவும் அந்தக் கணக்குப் புத்தகங்களில் இல்லை. துணியின் நீளமும் எடையும் மட்டும் இருக்கின்றன.

பிறகு மில்கள் வந்தன. 1828-இல் தொடங்கிய சவானா மில் பின்னால் சுதேசி மில்லானது. பாரதி மில்லும், ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏஎஃப்டியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த மூன்று மில்களும் 2020-இல் அரசாணைகளால் மூடப்பட்டன. துணி நெய்த ஊரில் இன்று நெசவுச் சத்தம் இல்லை. ஆனால் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளை நகரத்தின் கடைகளில், ஒட்டுத்துணிப் போர்வைகள் தொங்குகின்றன. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. விலையும் இருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை.

கைமெத்தைக்குச் சந்தையில் வீடு தேடிய ஒரு சமூகத்தின் அனுபவத்தை நாம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும் ஒரு வளைவில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். பலருடைய குடும்பப் பெயர் இன்றும் பெட்வே. அது தோட்ட முதலாளியின் பெயர். அந்தப் பெண்கள் வயலில் உழைத்துக் கிழிந்த சட்டைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் சேர்த்துத் தைத்த மெத்தைகள்தாம் குளிரிலிருந்து குழந்தைகளைக் காத்தன. 1960களின் தொடக்கத்தில் அவர்கள் வாக்காளர் பதிவுக்குக் கிளம்பியதும், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப 2006 ஆனது. வாக்குரிமை கேட்டதற்காக வேலையும் வீடும் இழந்தவர்கள் பலர். 1966-இல் அந்தப் பெண்களும் பக்கத்து ஊர்ப் பெண்களும் சேர்ந்து விடுதலைத் தையல் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். மெத்தைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. வந்த பணத்தில் அவர்கள் நிலம் வாங்கினார்கள். வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சில அதில் வீடு கட்டிக்கொண்டன. ஒரு மெத்தைக்கு வீடு தேடியவர்கள், அந்த மெத்தையைக் கொண்டு மனிதர்களுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள்.

2002-இல் அந்த மெத்தைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவருக்கு ஏறின. நவீன ஓவியங்களுக்கு இணை என்றார்கள். 2006-இல் அஞ்சல் தலைகளாக வந்தன. இந்த முறை தைத்தவர்களின் பெயர்கள் இருந்தன. ஆனால் பெயர் போதவில்லை. தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று 2007-இல் சில பெண்கள் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. கூட்டுறவாக நின்றபோது நிலம் கிடைத்தது. கலை என்று பாராட்டிச் சுவரில் மாட்டியபோது உரிமைக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

அந்த மெத்தைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறோம். 1942-இல் மிசூரி பெட்வே தைத்தது. அவருடைய கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுப்போன துணிகளைப் பிரித்து ஒரு மெத்தையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதற்கடியில் அன்போடு படுத்துக்கொள்ளவும் தைத்ததாக அவருடைய மகள் பிற்பாடு சொன்னார். டிரங்குப் பெட்டியின் காக்கி மெத்தை எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. செத்தவர் துணியை இழிவாக மனு விதித்தார். கடல்களுக்கு இரு புறமும் இரண்டு பெண்கள் அதே துணியை நினைவாகத் தைத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் நமக்கு உறவினர் உண்டு. வடகன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கர்நாடகத்தில் 2003-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் போகும். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் மெத்தை முழுமையடைந்ததாக அவர்கள் ஒப்புவதில்லை. பூவால் குளிர் குறையாது. இருந்தும் வைக்கிறார்கள். தேவைக்கு மட்டும் தைக்கிற இனமாக எங்களைப் பார்க்காதே என்று அந்தப் பூ சொல்வதாக நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் முதல் நம் காரைக்கால் வரை லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அனுப்பிய துணி. உழைத்துச் சாப்பிட்ட மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரத்தில் குவிந்து நனைந்து கிடந்தது. கூஞ்ச் என்ற அமைப்பு பின்னர் அதைச் சேகரித்துப் பிரித்து வேறு பொருட்களாக்கியது. அதே நாட்களில் தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களிலும் ஒதுக்கப்பட்டதைத் தோழர்கள் நேரில் பதிவு செய்தார்கள். கழித்துக்கட்டுவதற்காகக் கொடுப்பது தானம் ஆகாது. ஆகவே நம்மிடம் இருக்கும் மெத்தைகளையும் மூட்டையாகக் கட்டி எங்காவது ஓர் இல்லத்தில் இறக்கிவிட்டு வருவது பதிலாகாது.

அப்படியானால் பதில் என்ன? எங்களுக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, மெத்தைக்கு முதல் வீடு நம் வீடு. பிறந்த குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற விரிப்பு இல்லை. ஃபோம் மெத்தை வாங்கியது நம் உழைப்பின் பலன், அதில் குறையில்லை. ஆனால் பாட்டி தைத்ததை ஒளித்துவைக்கும் வெட்கம் நம்முடையதல்ல. அது நமக்கு விதிக்கப்பட்டது. இரண்டாவது, சிலவற்றை நம் வாசகசாலைகளிலும் ஆவணக் காப்பகங்களிலும் வைக்க வேண்டும். வைக்கும்போது யார் தைத்தது, எந்த ஊர், எந்தத் துணி யாருடையது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். பெயரில்லாமல் 'நாட்டுப்புறக் கைவினை' என்று வைத்தால் கினித் துணியின் கணக்குப் புத்தகத்தைத்தான் நாமும் எழுதுகிறோம். மூன்றாவது, விற்பது. விற்பதில் தவறில்லை. பெண்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவாக, விலையை அவர்களே வைப்பதாக, படத்துக்கும் வடிவத்துக்கும் உரிமை அவர்களிடமே இருப்பதாக அது அமைய வேண்டும்.

டிரங்குப் பெட்டியின் ஏழு மெத்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்கைப் பேத்திகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திக்கு இப்போது ஏழாம் மாதம். இரண்டு எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதி, படித்துக் காட்டி, அவர் திருத்தியதைத் திருத்தி வைத்திருக்கிறோம். காக்கி மெத்தையை அவர் தரவில்லை. "அது இருக்கட்டும், நான் படுத்துக்கறேன்" என்றார்.

மாணவ நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பரண்மேல் பாருங்கள். பெட்டியைத் திறந்து, யார் தைத்தது, யாருடைய துணி என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பெயர்களை வாசிப்போம்.