பச்சை வண்டும் பாழ்நம்பிக்கையும்

பிரான்சு நாட்டுத் துறைமுக நகர் மார்சேல். 1772ஆம் ஆண்டு, சூன் திங்கள். பிரபு ஒருவன், பணியாளைத் துணைகூட்டி, வறுமையால் உடலை விற்கும் மங்கையரின் மனைக்குச் செல்கிறான். கையிலே பேழை, பேழையிலே சோம்பு மணக்கும் மிட்டாய். தின்றபோது இனிப்பு, தின்ற பின்னரோ வயிற்றிலே நெருப்பு! மங்கையர் குமட்டினர், துடித்தனர், முறையிட்டனர். அந்தப் பிரபுதான் மார்க்கி தெ சாத். மிட்டாயில் ‘ஸ்பானிய ஈ’ கலந்தான் என்பது குற்றச்சாட்டு. மரண தண்டனை விதித்தனர்; அவனோ இத்தாலிக்கு ஓடிவிட்டான். செப்டம்பர் 12ஆம் நாள் எக்சு நகரில் அவனது உருவப் பொம்மையைத்தான் கொளுத்த முடிந்தது. பிரபு அல்லவா!

ஈ என்பர், ஈயன்று அது, மரகதப் பச்சை வண்டு. நம் வயல்களில் துவரைப் பூவைத் தின்னும் கொப்புள வண்டுக்கு உறவு. அதை உலர்த்தி இடித்த பொடி காமத்தைக் கிளறும் என்று ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் நம்பிற்று. உண்மையில் நடப்பது யாது? நஞ்சு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகையில் சிறுநீர்ப் பாதையைப் புண்ணாக்குகிறது. அந்த எரிச்சலுக்குத்தான் ஆசை என்று பெயரிட்டனர்! புண்ணை இன்பமென்ற பேதைமையை நாம் என்னென்பது?

1810இல் ரொபிகே எனும் பிரெஞ்சு வேதியியலார் அவ்வண்டிலிருந்து காந்தாரிடின் என்னும் படிகத்தைப் பிரித்தெடுத்தார். கொப்புளம் எழுப்புவது இதுவே என்று காட்டினார். ஆய்வுக்கூடம் உரைத்தது, உலகம் செவிமடுத்ததா?

1954. இலண்டன் மாநகர். மருந்து வணிக நிலையமொன்றின் மேலாளன், உடன் பணிபுரிந்த பெண்மீது மோகங்கொண்டான். அலமாரியிலே காந்தாரிடின் இருந்தது. நெஞ்சிலே பழைய நம்பிக்கை இருந்தது. தேங்காய் மிட்டாயில் கலந்து கொடுத்தான். அவளும் மாண்டாள், அதே மிட்டாயைத் தின்ற மற்றொரு பெண்ணும் மாண்டாள். கொல்லும் நோக்கமில்லை என்று கொண்ட நீதிமன்றம் அளித்தது 5 ஆண்டுச் சிறை. இரண்டு உயிர்களுக்கு 5 ஆண்டு!

மார்சேலுக்கும் இலண்டனுக்கும் இடையே 182 ஆண்டுகள். அறிவியல் வளர்ந்தது, ஆட்சிகள் மாறின. ‘உனக்கு விருப்பமா?’ என்று அந்தப் பெண்களைக் கேட்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வண்டுக்கு வேலையே இல்லை.

இன்று அந்நஞ்சு மருத்துவர் கையில் மேற்பூச்சு மருந்து. சிறுவர்க்கு வரும் ஒருவகைத் தோல் கொப்புளத்துக்கு அமெரிக்க அரசு 2023இல் அதற்கு ஒப்புதல் தந்தது.

வண்டுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். ஆண் வண்டு தன்னுடலில் ஊறும் நஞ்சைக் கூடும்போது பெண்ணுக்கு அளிக்கிறது. பெண், தின்ன வரும் பகை அஞ்சி விலகுமாறு, அதைத் தன் முட்டைகளிலே சேர்த்து வைக்கிறது.